ஜிமெயிலை ஓஆத் மூலம் இணைக்கும்போது எங்கே நின்றுவிடுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

லோயர் கேம்ப் தாண்டி மலையேற ஆரம்பித்தால் போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். பாதி வார்த்தை விழுங்கப்பட்டாலும் எனக்கு விஷயம் புரிந்துவிடும். "தம்பி, பில்லு... மெயில்ல... மாட்டேங்குது." கம்பத்தில் உட்கார்ந்துகொண்டு குமுளி, வண்டன்மேடு பக்கத்து ஏலக்காய் கடைகளுக்கும் தேக்கடி ஹோம்ஸ்டேக்களுக்கும் பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பில்லை பிடிஎஃப் ஆக்கி, கடையின் ஜிமெயிலிலிருந்தே வாங்குபவருக்கு அனுப்பிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த "அனுப்பிவிடும்" என்ற ஒற்றை வார்த்தைக்குள் எத்தனை கோளாறு ஒளிந்திருக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முன்பெல்லாம் மெயில் முகவரி, பாஸ்வேர்டு இரண்டையும் புரோகிராமில் போட்டால் வேலை முடிந்தது. தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு 2022 மே 30-ஆம் தேதியோடு கூகுள் அந்த வழியை மூடியது. நிறுவனங்களுக்கான வொர்க்ஸ்பேஸ் கணக்குகளுக்கு 2025-இல் மூடியது. அதற்குப் பிறகு பெரும்பாலும் ஓஆத் 2.0 வழிதான். அதாவது பாஸ்வேர்டை புரோகிராமிடம் கொடுக்காமல், கூகுள் திரையில் ஒப்புதல் கொடுத்து அனுமதிப்பது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு கடை, ஒரே ஒரு மெயில் பெட்டி, அதிலிருந்து பில் அனுப்ப வேண்டும், அவ்வளவே என்றால் ஓஆத்துக்குள் தலையை விடாதீர்கள். கணக்கில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போட்டு, புரோகிராமுக்கென்றே கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை எடுத்து, பழைய பாஸ்வேர்டு இருந்த இடத்தில் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. பல கடைகளுக்கு ஒரே புரோகிராம், அல்லது ஜிமெயில் ஏபிஐ (புரோகிராம் நேரடியாக ஜிமெயிலிடம் வேலை வாங்கும் வழி) கட்டாயம், அல்லது ஆப் பாஸ்வேர்டை நிர்வாகி தடுத்து வைத்திருக்கிறார் என்றால் மட்டும் கீழே படியுங்கள்.

ஓஆத்தில் யார் எது என்பதை எங்கள் ஊர் டாக்ஸிக்காரருக்கு ஒரே வாக்கியத்தில் புரியவைத்துவிடலாம். ஆர்.சி. புக் வேறு, பர்மிட் வேறு. புரோகிராமைப் பதிவு செய்யும் கூகுள் கிளவுட் கன்சோல் பக்கத்தில் கிடைக்கும் கிளையன்ட் ஐடியும் கிளையன்ட் சீக்ரெட்டும் ஆர்.சி. புக் மாதிரி, இது யாருடைய வண்டி என்று சொல்லும், அதை வைத்து மட்டும் செக்போஸ்ட் தாண்ட முடியாது. டோக்கன்தான் பர்மிட். ஆக்சஸ் டோக்கன் 3600 விநாடிக்கு, அதாவது ஒரு மணி நேரத்துக்குச் செல்லும். அது தீர்ந்ததும் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ள ரெஃப்ரெஷ் டோக்கன். கோளாறு வந்தால் முதல் கேள்வி, ஆர்.சி.யில் பிரச்சினையா, பர்மிட்டில் பிரச்சினையா என்பதுதான்.

கூகுள் பக்கம் திறந்த உடனே "எரர் 400: ரீடைரக்ட் யூஆர்ஐ மிஸ்மேட்ச்"

பாஸ்வேர்டு கேட்கும் முன்பே நின்றுவிடும். ஒப்புதல் முடிந்ததும் எந்த முகவரிக்குத் திரும்ப வேண்டும் என்று புரோகிராம் சொல்கிறதோ, அதே முகவரி கன்சோலில் எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிவாகியிருக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து என்றால் நிஜமாகவே அப்படித்தான். நான் ஒருமுறை கன்சோலில் முகவரியை "கால்பேக்" என்ற சொல்லோடு முடித்திருந்தேன். புரோகிராம் அனுப்பியதில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சாய்கோடு. அந்த ஒரு கோட்டுக்கு அரை நாள் போனது. எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் வித்தியாசம், போர்ட் எண், "லோக்கல்ஹோஸ்ட்" என்று எழுதியதும் "127.0.0.1" என்று எழுதியதும், எல்லாமே தனித்தனி முகவரிகள்.

கண்ணால் ஒப்பிடாதீர்கள், கண் ஏமாற்றும். பிழைப் பக்கத்திலேயே விவரம் காட்டும் சுட்டி ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் புரோகிராம் அனுப்பிய முகவரி தெரியும். அதை அப்படியே காப்பி எடுத்து கன்சோலில் ஒட்டுங்கள். சேமித்த பிறகும் அதே பிழை வந்தால் பதறி மறுபடி மாற்ற வேண்டாம். மாற்றம் அமலுக்கு வர ஐந்து நிமிடத்திலிருந்து சில மணி நேரம்வரை ஆகலாம் என்று கன்சோலே எழுதி வைத்திருக்கிறது. ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

கடைக் கணினியில் ஓடும் புரோகிராமுக்கு "வெப் அப்ளிகேஷன்" வகையில் கிளையன்ட் உருவாக்கியிருந்தால் அதையே மறுபரிசீலனை செய்யலாம். "டெஸ்க்டாப் ஆப்" என்று உருவாக்கினால் இந்த முகவரிப் பதிவே தேவையில்லை. அதே கணினியின் எந்த போர்ட்டுக்கும் திரும்பும். பழைய கைடுகளில் ஒப்புதலுக்குப் பிறகு திரையில் ஒரு குறியீடு (கோட்) வரும், அதைக் காப்பி எடுத்து ஒட்டு என்று ஒரு வழி இருக்கும். அதை 2023 ஜனவரி 31-உடன் முழுமையாக நிறுத்திவிட்டார்கள். அந்த கைடை மூடிவையுங்கள்.

"எரர் 403: ஆக்சஸ் டினைடு"

பாஸ்வேர்டு வரை போய், அதன் பிறகு கதவடைப்பு. ஆப் இன்னும் சோதனையில் இருக்கிறது, அனுமதி பெற்ற சோதனையாளர்கள் மட்டுமே நுழையலாம் என்று எழுதியிருந்தால், கன்சோலில் "கூகுள் ஆத் பிளாட்ஃபார்ம்" பகுதியில் "ஆடியன்ஸ்" பக்கத்துக்குப் போங்கள். பழைய கைடுகள் இதை "ஓஆத் கன்சென்ட் ஸ்கிரீன்" என்று சொல்லும். அங்கே டெஸ்ட் யூசர் பட்டியலில் கடையின் மெயில் முகவரியைச் சேருங்கள். 100 பேர்வரை சேர்க்கலாம். கன்சோலில் ஆப்பைப் பதிவு செய்த ப்ராஜெக்ட் உங்களுடையதே என்றாலும் உங்கள் முகவரியையும் சேர்த்துவிடுவது நல்லது.

அதே 403-இல் "ஆர்க் இன்டர்னல்" என்று வந்தால் விஷயம் வேறு. யூசர் டைப்பை "இன்டர்னல்" என்று வைத்திருக்கிறீர்கள்; நுழைய முயன்றவர் அந்த நிறுவனத்தின் வொர்க்ஸ்பேஸுக்கு வெளியே இருக்கிறார். "எக்ஸ்டர்னல்" ஆக்குங்கள். "டிஸ்அலவுடு யூசர் ஏஜென்ட்" என்றால், ஆப்புக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசரைத் திறந்து லாகின் கேட்கிறீர்கள். கூகுள் அதை அனுமதிப்பதில்லை. போனின் நிஜ பிரவுசரைத் திறக்கவிடுங்கள்.

"இந்த ஆப்பை கூகுள் சரிபார்க்கவில்லை" என்று பயமுறுத்தும் திரை

இது பிழையே இல்லை. ஆனால் அதிகம் போன் வருவது இதற்குத்தான். "அட்வான்ஸ்டு" என்பதை அழுத்தினால் கீழே ஆப்பின் பெயரோடு, பாதுகாப்பற்றது என்ற அடைமொழியோடு ஒரு சுட்டி வரும். அதை அழுத்திப் போகலாம். உங்கள் சொந்த ஆப், உங்களுக்குத் தெரிந்த ஆட்கள் என்றால் மட்டும். வாடிக்கையாளரிடம் "எந்தத் திரை வந்தாலும் அழுத்திக்கிட்டே போங்க" என்று பழக்கிவிடாதீர்கள். நாளைக்கு வேறொருவன் அனுப்பும் போலி ஆப்பிலும் அவர் அதையே செய்வார்.

குமுளியில் ஒரு ஹோம்ஸ்டே சேச்சிக்கு இதை போனிலேயே செய்துகொடுக்க வேண்டியிருந்தது. அவர் கணக்கின் மொழி மலையாளம். நான் "கன்டினியூ அழுத்துங்க சேச்சி" என்கிறேன், அவர் "அங்ஙனெ ஒண்ணும் காணுந்நில்லல்லோ" என்கிறார். "துடருக" என்று இருக்கிறதா பாருங்கள் என்றதும் நொடியில் அழுத்திவிட்டார். அதன்பிறகு லாகின் முகவரியோடு "எச்எல்" என்ற அளவுருவைச் சேர்த்து, எந்த மொழியில் திரை வர வேண்டும் என்பதைக் கடைக்குக் கடை நானே முடிவு செய்கிறேன். போனில் நான் படித்துச் சொல்லும் சொல்லும் அவர் திரையில் இருக்கும் சொல்லும் ஒன்றாக இருந்தால் பாதி வேலை மிச்சம்.

ஒப்புதல் முடிந்தது, ஒரு மணி நேரம் ஓடியது, நின்றுவிட்டது

ரெஃப்ரெஷ் டோக்கன் வரவேயில்லை. லாகின் கோரிக்கையில் "ஆக்சஸ் டைப்" என்பது "ஆஃப்லைன்" என்று இருக்க வேண்டும். இருந்தும் வரவில்லையா? அந்தக் கணக்கு முன்பே ஒருமுறை ஒப்புதல் கொடுத்திருக்கும். ரெஃப்ரெஷ் டோக்கனை கூகுள் முதல் ஒப்புதலின்போதுதான் தரும். அதை நீங்கள் சேமிக்காமல் விட்டிருப்பீர்கள். "ப்ராம்ட்" என்பதற்கு "கன்சென்ட்" என்று கொடுத்து மறுபடி ஒப்புதல் வாங்குங்கள், வந்துவிடும். இந்த முறை கையோடு சேமியுங்கள்.

டோக்கன் இருக்கிறது, மெயில் மட்டும் போகவில்லை

இங்கே ஏபிஐ வழியா, எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் பழைய பொது முறை) வழியா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஏபிஐ வழியில் 403 வந்து, இந்த ப்ராஜெக்ட்டில் ஜிமெயில் ஏபிஐ பயன்படுத்தப்படவில்லை அல்லது முடக்கப்பட்டுள்ளது என்று சொன்னால், கன்சோலில் அந்த ஏபிஐயை "எனேபிள்" செய்ய மறந்திருக்கிறீர்கள். பிழைச் செய்தியில் ஒரு ப்ராஜெக்ட் எண்ணும் இருக்கும். அது உங்கள் ப்ராஜெக்ட் எண்தானா என்று பாருங்கள்; இரண்டு ப்ராஜெக்ட் வைத்துக்கொண்டு ஒன்றில் எனேபிள் செய்து இன்னொன்றின் கிளையன்ட் ஐடியைப் போடுவது என்னைப் போன்றவர்களின் வழக்கம். ஸ்கோப், அதாவது கொடுத்த அனுமதியின் எல்லை, போதவில்லை என்று சொன்னால், ஒப்புதல் திரையில் ஒவ்வொரு அனுமதிக்கும் ஒரு டிக் கட்டம் இருந்திருக்கும். கடைக்காரர் டிக் போடாமலேயே தொடர்ந்திருப்பார். எந்த ஸ்கோப்கள் நிஜமாகக் கிடைத்தன என்பது டோக்கனோடு வரும் பதிலிலேயே இருக்கும். புரோகிராம் அதைப் படித்துப் பார்த்து, குறைந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

எஸ்எம்டிபி வழியில் கதை வேறு. அனுப்புவதற்கு மட்டுமான "ஜிமெயில் சென்ட்" ஸ்கோப் ஏபிஐக்குப் போதும், எஸ்எம்டிபிக்கு ஆகாது. எஸ்எம்டிபி, மெயிலைப் படிக்கும் ஐமேப் இரண்டுக்கும் "மெயில்.கூகுள்.காம்" என்ற முழு அனுமதி ஸ்கோப் வேண்டும். இதை யாரும் சொல்லாமலேயே சர்வர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, நாம்தான் படிப்பதில்லை. லாகின் தோற்றதும் 334 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு நீளமான எழுத்துக் கோவை வரும். குப்பை மாதிரித் தெரியும். அதை பேஸ்64 என்ற குறியீட்டு முறையிலிருந்து பிரித்துப் பாருங்கள். ஸ்டேட்டஸ் 400 என்பதும், எந்த ஸ்கோப்பை எதிர்பார்க்கிறது என்பதும் உள்ளே தெளிவாக எழுதியிருக்கும். அதற்குப் பிறகு வரும் 535, பெயரும் பாஸ்வேர்டும் ஏற்கப்படவில்லை என்ற செய்தி, ஒன்றுக்கும் உதவாது. பாஸ்வேர்டே நாம் அனுப்பவில்லையே!

ஸ்கோப் சரியாக இருந்தும் 535 வந்தால் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, சர்வரிடம் டோக்கனைக் காட்டும் எக்ஸ்ஓஆத்2 என்ற எழுத்துச் சரத்தைக் கட்டிய விதம். யூசர் பகுதிக்குப் பின் ஆஸ்கி 1 குறி ஒன்று, டோக்கனுக்குப் பின் அதே குறி இரண்டு. டெர்மினலில் கட்டினால் கடைசியில் ஒரு புதுவரிக் குறி ஒட்டிக்கொள்ளும், அதுவும் கெடுக்கும். இரண்டாவது, யார் ஒப்புதல் கொடுத்தார் என்பது. ஒரு கடையில் எல்லாம் சரியாக இருந்தும் 535 விடவே இல்லை. கடைசியில் பார்த்தால் பிரவுசரில் முதலாளியின் மகன் கணக்கு திறந்திருக்கிறது. ஒப்புதல் அதில் விழுந்திருக்கிறது. புரோகிராமோ கடை முகவரியை யூசராகவும் மகனின் டோக்கனை பர்மிட்டாகவும் காட்டிக்கொண்டு நிற்கிறது. இப்போது லாகின் கோரிக்கையில் "லாகின் ஹின்ட்" என்று கடை முகவரியை நானே அனுப்பிவிடுகிறேன்.

ஒரு வாரம் நன்றாக ஓடுகிறது, பிறகு "இன்வேலிட் கிராண்ட்"

வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலக்காய் கடை. முதலாளி அண்ணன் ஒருநாள் சொன்னார்: "தம்பி, திங்கக்கிழமையானா உன் சாமான் படுத்துக்குது. மத்த நாளு ஓடுது." அவருக்கு ஒரு கணக்கு இருந்தது, வாரத் தொடக்கத்தில் ஏல மெயில்கள் அதிகம், அதனால் கூகுள் தாங்கவில்லை என்று. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தனிநபர் கணக்கில் ஒரு நாளைக்கு 500 மெயில் என்ற வரம்பு உண்டல்லவா? கடையின் கணக்கை எடுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு நாற்பதைத் தாண்டவில்லை. ஒவ்வொரு திங்களும் மலையேறி, மறுபடி லாகின் செய்து, ஓடவைத்துவிட்டு, அங்கேயே கட்டன் சாயா குடித்துவிட்டு இறங்கினேன். நான்கு திங்கள்.

நான்காம் திங்கள் இறங்கும்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமையில் படுப்பதற்குக் காரணம், நான் திங்கட்கிழமையில் லாகின் செய்வது. புதன் போயிருந்தால் புதன்கிழமை படுத்திருக்கும்.

ஆப் "எக்ஸ்டர்னல்" ஆகவும் "டெஸ்டிங்" நிலையிலும் இருந்தால், மெயில் ஸ்கோப் உள்ள ரெஃப்ரெஷ் டோக்கன் ஏழே நாளில் செத்துவிடும். இது கூகுள் தெளிவாக எழுதி வைத்திருக்கும் விதி. நான்தான் படிக்கவில்லை. "ஆடியன்ஸ்" பக்கத்தில் "பப்ளிஷ் ஆப்" அழுத்தி "இன் ப்ரொடக்‌ஷன்" ஆக்குங்கள். பிறகு ஒருமுறை புதிதாக ஒப்புதல் வாங்குங்கள். டெஸ்டிங்கில் வாங்கிய பழைய டோக்கனை நம்ப வேண்டாம்.

பப்ளிஷ் செய்தால் வெரிஃபிகேஷன் கேட்குமே என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். முழு மெயில் ஸ்கோப் "ரெஸ்ட்ரிக்டட்" வகை. ஊருக்கெல்லாம் விற்கும் ஆப் என்றால் வெரிஃபிகேஷனும், தகவலை உங்கள் சர்வரில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையும் தேவைப்படும். அனுப்ப மட்டுமான ஸ்கோப் அதற்கு ஒரு படி கீழே, "சென்சிடிவ்" வகை. எனவே பில் மட்டும் அனுப்புபவர்கள் ஏபிஐ வழிக்கு மாறுவது புத்திசாலித்தனம். நமக்கோ தெரிந்த நாலைந்து கடைகள். சரிபார்க்கப்படாத நிலையிலேயே 100 பயனர்வரை ஓடும். முன்னே சொன்ன எச்சரிக்கைத் திரை ஒருமுறை வரும், அவ்வளவே. கடைக்கு வொர்க்ஸ்பேஸ் இருந்து, ப்ராஜெக்ட்டும் அதே நிறுவனத்துக்குள் இருந்தால் "இன்டர்னல்" என்று வைத்துவிடுங்கள், ஏழு நாளும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

ஏழு நாள் கணக்கு பொருந்தவில்லை என்றால் வேறு காரணங்கள். கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் மெயில் ஸ்கோப் உள்ள டோக்கன்கள் ரத்தாகும். "எவனோ பாத்துட்டான்னு பாஸ்வேர்ட மாத்துனேன், அதுக்கும் இதுக்கும் என்ன?" என்று கேட்பார்கள். அதற்கும் இதற்கும்தான். ஆறு மாதம் பயன்படுத்தாவிட்டாலும் டோக்கன் காலாவதி. சீசன் முடிந்து கணினியை மூடி வைத்த கடைகளில் இதைப் பார்க்கலாம். ஒரு கணக்குக்கு ஒரு கிளையன்ட் ஐடியில் 100 ரெஃப்ரெஷ் டோக்கன்தான் உயிரோடு இருக்கும். அதற்கு மேல் ஒன்று வாங்கினால் பழையது சத்தமில்லாமல் சாகும். புரோகிராம் திறக்கும்போதெல்லாம் புது ஒப்புதல் கேட்டால் இந்த நிலை வரும்.

முதல் முயற்சியிலேயே "இன்வேலிட் கிராண்ட்" வந்து, கூடவே "மால்ஃபார்ம்டு ஆத் கோட்" என்றும் இருந்தால், ஒப்புதல் குறியீட்டை அட்ரஸ் பாரிலிருந்து காப்பி எடுத்திருக்கிறீர்கள். அந்தக் குறியீடு 4 என்ற எண்ணும் ஒரு சாய்கோடுமாகத் தொடங்கும். அட்ரஸ் பாரில் அந்தச் சாய்கோடு சதவீதக் குறியும் 2எஃப்-உமாக உருமாறி நிற்கும். அதை மறுபடி சாய்கோடு ஆக்கி ஒட்டினால் போதும். ஒரு குறியீடு ஒரே முறைதான் செல்லும் என்பதும் நினைவிருக்கட்டும்.

"எரர் 401: இன்வேலிட் கிளையன்ட்"

ஆர்.சி. புக்கிலேயே கோளாறு. வாட்ஸ்அப்பில் வந்த கிளையன்ட் ஐடியை ஒட்டும்போது முன்னாலோ பின்னாலோ ஒரு இடைவெளி ஏறியிருக்கும். அல்லது ஒரு கிளையன்ட்டின் ஐடிக்கு இன்னொன்றின் சீக்ரெட். "டெலீட்டட் கிளையன்ட்" என்றால் யாரோ கன்சோலில் அழித்திருக்கிறார்கள். சீக்ரெட்டை உருவாக்கும்போதே ஜேசன் கோப்பாக இறக்கிப் பத்திரப்படுத்துங்கள், பிறகு முழுசாகக் காட்டாது. அந்தக் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டீர்களா? புது சீக்ரெட் ஒன்றைச் சேர்த்து, புரோகிராமில் மாற்றி, பழையதை முடக்குங்கள்.

மைக்ரோசாஃப்ட் பக்கம் என்றால்

பெயர்கள்தான் மாறும். மைக்ரோசாஃப்டின் பிழை எண்களில் ஏஏடிஎஸ்டிஎஸ் 50011 என்பது அங்கத்திய ரீடைரக்ட் பொருத்தமின்மை. 65001 என்றால் ஒப்புதல் கொடுக்கப்படவில்லை. 7000215 என்றால் சீக்ரெட் தவறு; பத்தில் ஒன்பது முறை "வேல்யூ" என்பதற்குப் பதிலாகப் பக்கத்திலிருக்கும் "சீக்ரெட் ஐடி"யை எடுத்திருப்பீர்கள். 7000222 என்றால் சீக்ரெட் காலாவதி. போர்ட்டலில் அதிகபட்சம் 24 மாதம்தான் தருவார்கள், தேதியைக் கடைக் காலண்டரிலேயே எழுதி வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் 535 5.7.139 வந்தால், அந்த நிறுவனக் கணக்கில் எஸ்எம்டிபி ஆத் முடக்கப்பட்டிருக்கிறது; நிர்வாகியிடம்தான் போக வேண்டும்.

எதிலும் சேராத பிழை: ஒருநாள் ஓடுகிறது, மறுநாள் காலை ஓடவில்லை

கணினியின் வலது கீழ் மூலையில் மணியைப் பாருங்கள். புரோகிராம் ஆக்சஸ் டோக்கன் தீர்ந்ததா என்பதைக் கணினியின் கடிகாரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. டோக்கன் வாங்கிய நேரத்துக்கும் முன்னால் கடிகாரம் பின்னோக்கிப் போய்விட்டால், செத்த டோக்கனை உயிரோடு இருப்பதாக நம்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். சர்வர் 401 என்று திருப்பிக்கொண்டே இருக்கும். தேதி ஆண்டுக்கணக்கில் பின்னால் போயிருந்தால் கூகுளின் பாதுகாப்புச் சான்றிதழே இன்னும் அமலுக்கு வரவில்லை என்று பிரவுசர் சண்டை போடும். மலைக் கடைகளில் ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருந்தால் காலையில் கணினி பழைய காலத்தில் கண் விழிக்கும். இப்போது என் பையில் ஸ்க்ரூ டிரைவரோடு அந்த செல் இரண்டு எப்போதும் கிடக்கிறது.